நீச்சல் தடாகத்தின் நீர்மட்டம் தானாக நிற்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலையகத்தின் பழைய தோட்டத்துப் பங்களாக்கள் பல சுற்றுலா விடுதிகளாக மாறிவருவதாலோ என்னவோ, நீச்சல் தடாகம் பற்றிய கடிதங்கள் இப்பகுதிக்கு இப்போது அதிகமாக வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, குறைந்த நீர் தானாக நிரம்பி உரிய மட்டத்தில் தானாக நிற்பதற்கான ஏற்பாட்டைப் பற்றியே கேட்கின்றமையால், இவ்விதழில் அந்த ஒரு விடயத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கியுள்ளோம்.

எமது விடுமுறை இல்லத்தில் 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட தடாகம் உண்டு. காவலாளி காலையில் ரப்பர் குழாயைப் போட்டு நீர் விடுகிறார். சில நாட்களில் குழாயை மூட மறந்து தடாகம் வழிகிறது. சில நாட்களில் நீர் விடவே மறந்து, வடிகட்டி மோட்டர் காற்றை இழுத்துச் சத்தமிடுகிறது. கூரைத் தாங்கிக்குப் போடுவது போன்ற மிதவை வால்வு ஒன்றைப் போட்டால் போதுமா?
– வாசகர், பண்டாரவளை

போதும். ஆனால் அதனைப் பொருத்தும் இடமும், அதிலிருந்து நீர் விழும் விதமும் கூரைத் தாங்கியில் இருப்பதைப் போல் இருக்கலாகாது.

தங்கள் தடாகத்தின் சுவரில், மிதக்கும் இலைதழைகளை மேற்பரப்பு நீரோடு சேர்த்து உள்ளிழுக்கும் சதுர வாய் ஒன்று இருக்கும். அதனை ஸ்கிம்மர் என்பார்கள். நீர்மட்டம் அவ்வாயின் உயரத்தில் ஏறத்தாழ நடுப்பகுதியில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மோட்டர் நீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்து, உலர்ந்த நிலையில் சுழன்று, அதன் அச்சில் நீர் கசியாமல் காக்கும் சீல் சூடேறிக் கெட்டுவிடும். மேலே ஏறிவிட்டாலோ வாயில் உள்ள தடுப்புத் தகடு தன் வேலையைச் செய்யாது. இலைகள் தடாகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே நாம் காக்க வேண்டிய இடைவெளி ஒரு சில சென்றிமீற்றர்தான். நல்ல மிதவை வால்வு ஒன்றுக்கு அது சிரமமான காரியமன்று.

அடுத்தது, நாளொன்றுக்கு எவ்வளவு நீர் தேவை என்பது. தங்கள் தடாகத்தின் பரப்பு 50 சதுர மீற்றர் என்பதால், மட்டம் 1 மில்லிமீற்றர் குறைந்தால் 50 லீற்றர் நீர் போய்விட்டது என்று பொருள். திறந்த தடாகத்தில் சாதாரணமாக நாளொன்றுக்கு 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை ஆவியாகும்; அதாவது 150 முதல் 300 லீற்றர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்கும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் தாங்கள் மேல் எல்லையையே எதிர்பார்க்க வேண்டும். இருந்தாலும், நிமிடத்துக்கு 10 லீற்றர் தரும் அரை அங்குலக் குழாய் 300 லீற்றரை அரை மணித்தியாலத்தில் நிரப்பிவிடும். ஒரு அங்குலக் குழாய், ஒன்றரை அங்குலக் குழாய் என்று போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்ளும் நாளொன்று எப்படியும் வரும். அன்று அரை அங்குலக் குழாய் வீணாக்கும் நீர் 14,000 லீற்றர் அளவில் நிற்கும். பெரிய குழாயோ அதனைப்போலப் பல மடங்கு நீரைத் தங்கள் தோட்டத்தில் கொட்டிவிடும்.

மிதவையைத் தடாகத்துக்குள் நேரடியாக வைக்க வேண்டாம். குளிப்பவர்கள் எழுப்பும் அலையில் அது ஓயாமல் ஏறி இறங்கும். பிள்ளைகளின் கைகளும் அதனைச் சும்மா விடமாட்டா. தடாகத்தின் ஓரத்தில், 30 சென்றிமீற்றர் சதுரமான மூடியுள்ள சிறு பக்கத் தொட்டி ஒன்றைக் கட்டி, நீர்மட்டத்துக்கு நன்கு கீழே ஒரு குழாயால் தடாகத்தோடு இணைக்க வேண்டும். தொடர்புடைய இரண்டு கொள்கலங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதனால், தொட்டியில் தெரிவது தடாகத்தின் மட்டமே. அலை மட்டும் குழாயில் அடங்கிவிடும். இக்குழாயை மோட்டரின் உறிஞ்சு குழாயோடு சேர்த்துவிடக் கூடாது. சேர்த்தால், மோட்டர் ஓடும்போதெல்லாம் தொட்டியின் மட்டம் தாழ்ந்து, நிரம்பிய தடாகத்துக்கே மேலும் நீர் வந்துகொண்டிருக்கும்.

இப்போது முக்கியமான விடயம். வால்விலிருந்து நீர் வெளிவரும் வாய், தொட்டியில் நீர் ஏறக்கூடிய மிக உயர்ந்த மட்டத்துக்கும் மேலே, குழாயின் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு உயரத்தில், எப்படியும் 25 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சத்தத்தைக் குறைப்பதற்காக அதன் வாயில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி நீருக்குள் விடும் வழக்கம் பரவலாக உண்டு. தயவுசெய்து அதனைக் கழற்றிவிடுங்கள். மலைச்சரிவில் ஒரே குழாய், மேலேயுள்ள தாங்கியிலிருந்து பங்களாவுக்கும் அங்கிருந்து கீழேயுள்ள ஊழியர் வீடுகளுக்கும் செல்லும். மேலே திருத்த வேலைக்காக நீரை மூடிவிட்டு, கீழே யாரோ ஒருவர் குழாயைத் திறந்தால், வெறுமையாகும் குழாய் தடாகத்து நீரை உறிஞ்சிக் குடிநீர்க் குழாய்க்குள் கொண்டுபோய்விடும். காற்று இடைவெளி இருந்தால் அது நடக்கவே முடியாது. அதற்கு இணையான பாதுகாப்பு வேறில்லை.

தங்கள் தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். 10 மீற்றர் உயர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 1 பார் அமுக்கம் என்ற கணக்கில், 60 மீற்றர் மேலேயுள்ள தாங்கியிலிருந்து வரும் நீர் 6 பார் அமுக்கத்தோடு வால்வை வந்து முட்டும். மலிவான மிதவை வால்வு அவ்வளவு அமுக்கத்துக்கு எதிராக முழுமையாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அமுக்கத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றையோ, இடைவழியில் சிறு தாங்கி ஒன்றையோ அமைத்துக்கொள்வது நல்லது.

நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் கற்கிறேன். ஆர்டுயினோ என்னும் சிறிய கணினிப் பலகையும், மீயொலி உணரியும், மின்காந்தத்தால் திறந்து மூடும் சோலனாய்ட் வால்வும் கொண்டு நீர்த்தாங்கிக்கான தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டை ஒரு செயற்றிட்டமாகச் செய்தேன். நன்றாக வேலை செய்கிறது. மாமா வேலை செய்யும் விடுதியின் நீச்சல் தடாகத்துக்கும் அதையே பொருத்தித் தரும்படி கேட்கிறார். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– மாணவர், ஹட்டன்

தம்பி, முதலில் மீயொலி உணரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒலி சென்று திரும்பும் நேரத்தைத் தூரமாக மாற்றும்போது ஒலியின் வேகம் மாறாதது என்று உங்கள் செய்நிரலில் எழுதியிருப்பீர்கள். காற்றில் அவ்வேகம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் செக்கனுக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். காலையில் 13 பாகையும் நண்பகலில் 25 பாகையும் என்று வைத்துக்கொண்டால், உணரியிலிருந்து 50 சென்றிமீற்றர் தூரத்தில் உள்ள நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1 சென்றிமீற்றர் இடம்மாறியதாகக் கணக்கு வரும். வீட்டுத் தாங்கியில் அது பொருட்டல்ல; தடாகத்தின் 50, 80 சதுர மீற்றர் பரப்பில் 1 சென்றிமீற்றர் என்பது 500, 800 லீற்றர். வெப்பநிலை உணரி ஒன்றைச் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம்தான். ஆனால் ஹட்டன் பனிமூட்டம் உணரியின் முகத்தில் நீர்த்துளிகளாகப் படியும்போது கிடைக்கும் அளவுகளுக்கு எந்தத் திருத்தமும் உதவாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்று மின்வாய்க் கம்பிகளையோ, காந்தத்தால் இயங்கும் இரண்டு சிறிய மிதவை ஸ்விட்ச்களையோ பக்கத் தொட்டிக்குள் வைப்பேன். தொட்டி அமைக்கும் முறையை மேலேயுள்ள பதிலில் பாருங்கள். மின்வாய் முறையில் நீண்ட கம்பி மற்ற இரண்டுக்கும் பொதுவானது. நடுத்தரக் கம்பி நீரை விட்டு வெளியே வந்ததும் நிரப்பத் தொடங்கும். குட்டைக் கம்பியை நீர் தொட்டதும் நிற்கும். அவ்விரண்டின் நுனிகளுக்கும் இடையே 2 சென்றிமீற்றர் வித்தியாசம் இருக்கட்டும்; ஒரே மட்டத்தில் தொடங்கி அதே மட்டத்தில் நிற்கும்படி செய்தால் வால்வு நாள் முழுவதும் திறந்து மூடிக்கொண்டிருக்கும். கம்பிகளுக்கு நேரோட்ட மின்னைக் கொடுக்க வேண்டாம். குளோரினும் உப்பும் கலந்த நீரில் மின்பகுப்பு நடந்து, சில வாரங்களில் கம்பி அரித்துவிடும். மிகக் குறைந்த ஆடலோட்ட மின்னையோ, திசை மாறி மாறி வரும் துடிப்புகளையோ பயன்படுத்துங்கள். கம்பி துருப்பிடிக்காத உருக்காக இருப்பதோடு, மட்டம் 30 செக்கன்களாவது தொடர்ந்து தாழ்ந்திருந்தால் மட்டுமே நிரப்பத் தொடங்கும்படி செய்நிரலில் ஒரு தாமதத்தையும் வையுங்கள்.

மின்சாரம் நின்றால் தானாக மூடிக்கொள்ளும் வகைச் சோலனாய்ட் வால்வையே வாங்குங்கள். அத்தகைய வால்வுகளுள் பெரும்பாலானவை, உள்ளேயுள்ள மென்சவ்வை நீரின் அமுக்கத்தைக் கொண்டே அசைப்பவை. இரண்டு மீற்றர் உயரத்தில் உள்ள தாங்கியிலிருந்து வரும் நீருக்கு அவை சரியாகத் திறக்காமல் போகலாம். மழைக்குப் பின்னர் ஊற்று நீரோடு வரும் மணல் அவற்றின் நுண்துளையை அடைத்துவிட்டால் மூடாமலும் போகும். வால்வுக்கு முன்னால் வலை வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். இவை எல்லாம் தவறினாலும் காப்பாற்றுவதற்காக, ஒரு நாளில் இத்தனை நிமிடங்களுக்கு மேல் வால்வு திறந்திருக்கக் கூடாது என்ற உச்ச நேரத்தை எழுதி, அது கடந்தால் வால்வை மூடிச் சிவப்பு விளக்கை எரிய வையுங்கள். உங்கள் செயற்றிட்டத்தில் பரீட்சகர்கள் இதனைக் கேட்டிருக்க மாட்டார்கள். விடுதிக்காரருக்கு மிகவும் தேவையானது இதுவே.

மின்சாரத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. கூரைத் தாங்கிகளுக்குப் பலரும் பொருத்தும், நீண்ட வயரில் தொங்கும் மிதவை ஸ்விட்சில் 230 வோல்ட் மின்சாரம் நேராகச் செல்கிறது. அதனை மனிதர் இறங்கும் நீருக்கு அருகில் கொண்டுவரவே கூடாது. நீச்சல் தடாகங்களுக்கான சர்வதேச மின்னிணைப்பு விதிகளின்படி, நீருக்குள் இருக்கும் சாதனங்களுக்கு 12 வோல்ட் ஆடலோட்டம், அல்லது 30 வோல்ட் நேரோட்டம் என்பதே உச்சம். மின்மாற்றியும், வால்வுக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் உள்ள பெட்டியைத் தடாக விளிம்பிலிருந்து 3.5 மீற்றருக்கு அப்பால், மோட்டர் அறைக்குள் வைத்து, அவ்விணைப்புக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் ஒன்றையும் இடச்செய்யுங்கள். இந்தப் பகுதியை மட்டும் தகுதிபெற்ற மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பின்னேர இடியுடன் மழை வரும் ஊர் உங்களுடையது. வெளியே நீளமாகக் கிடக்கும் உணரி வயர் வழியாக மின்னல் அதிர்ச்சி வந்து பலகையைச் சுட்டுவிடக்கூடும் என்பதால், மாற்றுப் பலகை ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

எமது விடுதியின் தடாகத்தில் நீர் ஒரு விளிம்பு முழுவதும் வழிந்து விழுந்துகொண்டிருக்கும். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி குளிக்கலாம். தடாகத்தின் சுவரில் மட்ட உணரி பொருத்தித் தந்தார்கள். ஆனால் இரவு முழுவதும் நீர் நிரம்பிக்கொண்டே இருக்கிறது; காலையில் பார்த்தால் கழிவுக் குழாயால் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. உணரி பழுதா?
– விடுதி ஊழியர், எல்ல

உணரி பழுதில்லை, இருக்கும் இடமே பிழை. விளிம்பில் வழியும் தடாகங்களில் வழியும் நீர் ஒரு கானில் சேர்ந்து, கீழேயுள்ள சமநிலைத் தாங்கிக்குச் சென்று, அங்கிருந்து மோட்டரால் மீண்டும் தடாகத்துக்கு ஏற்றப்படுகிறது. மோட்டர் ஓடும்வரை தடாகத்தின் மட்டம் விளிம்பைவிடச் சில மில்லிமீற்றர் உயரத்தில் நிலையாக நிற்கும். அந்த மட்டத்துக்கே உணரியை வைத்திருப்பார்கள். இரவில் மோட்டரை நிறுத்தியதும் மேலேயிருந்த நீர் வழிந்து மட்டம் விளிம்போடு நின்றுவிடும். உணரி நீர் குறைந்ததாக எண்ணி வால்வைத் திறக்கும். வரும் நீர் விளிம்பால் வழியுமே தவிர உணரியை எட்டாது. சமநிலைத் தாங்கி நிரம்பிக் கழிவுக் குழாயால் ஓடும்வரையும், ஓடிய பின்னரும், அது விடியும்வரை நீரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இவ்வகைத் தடாகத்தில் நீர் கூடுவதும் குறைவதும் சமநிலைத் தாங்கியில்தான் தெரியும். எனவே உணரி அங்கேயே இருக்க வேண்டும். அங்கும் விளிம்புவரை நிரப்பி வைப்பது பிழை. தடாகத்தின் பரப்பு 80 சதுர மீற்றர் என்று கொண்டால், மோட்டர் நிற்கும்போது 6 மில்லிமீற்றர் படலம் வழிந்து வருவதால் மட்டும் 480 லீற்றர் தாங்கிக்கு வரும். ஒருவர் நீரில் இறங்கினால் ஏறத்தாழ 70 லீற்றர் நீரை வெளியே தள்ளுவார். சுற்றுலாப் பயணிகள் 15 பேர் ஒன்றாக இறங்கினால் 1,000 லீற்றருக்கு மேல் வந்து சேரும். இவை இரண்டுக்கும் தாங்கியில் வெற்றிடம் இருக்க வேண்டும். மறுபுறம், மணல் வடிகட்டியைப் பின்னோட்டமாகக் கழுவும் மூன்று நிமிடங்களில், மணித்தியாலத்துக்கு 10 கன மீற்றர் இறைக்கும் மோட்டர் 500 லீற்றரை வெளியேற்றும். அதனைத் தரும் அளவுக்கு நீரும் தாங்கியில் இருக்க வேண்டும்.

ஆகவே தாங்கியில் கீழிருந்து மேலாக நான்கு மட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மோட்டர் தானாக நிற்க வேண்டிய மட்டம், நிரப்பத் தொடங்கும் மட்டம், நிரப்புவது நிற்கும் மட்டம், வழிந்தோடும் மட்டம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே மேற்சொன்ன வெற்றிடத்தை விட வேண்டும். அதோடு, மோட்டர் ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே நிரப்பும் வால்வு திறக்கும்படி மின்னிணைப்பைப் பூட்டிவிடுங்கள். மோட்டர் ஓடும்போதும் நிற்கும்போதும் அதே தாங்கி மட்டம் வெவ்வேறு நீரளவைக் குறிப்பதனால், ஒரு நிலையில் மட்டும் அளப்பதே பொருத்தமானது. அதன் பின்னர் இரவில் கழிவுக் குழாய் உலர்ந்திருக்கும்.

வெப்பமூட்டிய தடாகத்தில் தானியங்கி வால்வு மூலம் குளிர்ந்த நீர் அடிக்கடி சேர்வதால் மின்கட்டணம் கூடுமா?
– வாசகி, நுவரெலியா

கூடும்; ஆனால் தாங்கள் அஞ்சும் காரணத்தால் அன்று. 50 சதுர மீற்றர் தடாகத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 250 லீற்றர் சேர்க்க வேண்டும். அதனை 14 பாகையிலிருந்து 28 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் போதும். அந்த 250 லீற்றரும் ஆவியாகிப் போகும்போது தடாகத்திலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பமோ ஏறத்தாழ 170 யூனிட். நுவரெலியாவின் இரவுக் குளிரில் சூடான நீர்ப்பரப்பு மேலும் வேகமாக ஆவியாகும். வால்வைக் குறைகூறாமல், குளிப்பவர்கள் ஏறியதும் தடாகத்தை மூடும் விரிப்பு ஒன்றை வாங்குங்கள்.

தானாக நிரப்பும் வால்வைப் பொருத்திய பின்னர் தடாகம் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. எந்தக் குறையும் இல்லை. ஆனால் வீட்டுத் தாங்கி முன்னரைவிட விரைவாகக் காலியாகிறது. தடாகத்துக்குக் கீழே தேயிலைச் சரிவில் ஓரிடம் மழை இல்லாத நாட்களிலும் ஈரமாகவே கிடக்கிறது. எமது தடாகம் உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் முறையில் இயங்குகிறது.
– வாசகர், ஹப்புத்தளை

இம்முறை வந்த கடிதங்களுள் உடனடியாகக் கவனிக்க வேண்டியது தங்களுடையதே. தானாக நிரப்பும் ஏற்பாட்டின் பெரிய ஆபத்து, அது கசிவை மறைத்துவிடுவது. நிமிடத்துக்கு 1 லீற்றர் கசிந்தால் நாளொன்றுக்கு 1,440 லீற்றர் ஆகும். வால்வு இல்லாவிட்டால் 50 சதுர மீற்றர் தடாகத்தின் மட்டம் ஒரே நாளில் ஏறத்தாழ 3 சென்றிமீற்றர் இறங்கி, காவலாளியின் கண்ணில் பட்டுவிடும். வால்வு இருக்கும்போது மட்டம் அசையாது. மாதமொன்றில் 43,000 லீற்றர் நீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும், யாருக்கும் தெரியாமல்.

அவ்வாறு இறங்கும் நீரை மலையகத்தில் வெறும் நட்டமாக மட்டும் பார்க்க முடியாது. மண்துளைகளில் நீர் நிரம்பி அதன் அமுக்கம் உயரும்போது சரிவைப் பிடித்து நிற்கும் உராய்வு குறைகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களைப் புதைத்த மண்சரிவு கடும் மழையின் பின்னர் நிகழ்ந்தது. ஒரு தடாகத்தின் கசிவு அந்த அளவுக்குப் போகாது என்றாலும், ஏற்கனவே மழையில் ஊறிய சரிவுக்குள் நாள்தோறும் நாமே நீரைச் செலுத்துவது எவ்வகையிலும் நியாயமாகாது. ஈரமான இடத்துக்கு மேலே மண்ணில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகத் தோன்றிய ஊற்று, இறுகிப்போன கதவு ஆகியவற்றில் ஏதேனும் கண்டால், மற்றெல்லாவற்றுக்கும் முன்னர் நிரப்பும் வால்வை மூடிவிட்டு, பிரதேச செயலகத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.

அத்தகைய அடையாளம் இல்லையென்றால் கசிவை உறுதிசெய்யும் வேலையைத் தாங்களே செய்யலாம். தானியங்கி வால்வை மூடுங்கள். ஒரு வாளியில் தடாகத்து நீரை நிரப்பி, தடாகப் படியில், வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கும்படி வைத்து, இரண்டு மட்டங்களையும் குறியிடுங்கள். மழையில்லாத 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். வாளியில் குறைந்தது ஆவியானது. தடாகத்தில் அதற்கு மேலாகக் குறைந்தது கசிந்தது. இச்சோதனையை மோட்டரை ஓட விட்டு ஒருமுறையும் நிறுத்தி ஒருமுறையும் செய்யுங்கள். ஓடும்போது கூடுதலாகக் குறைந்தால், நீரைத் தடாகத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயில் கசிவு இருக்கலாம். இரண்டிலும் ஒரே அளவாகக் குறைந்தால் சுவரையோ தரையையோ சந்தேகிக்க வேண்டும். மட்டம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால், வெடிப்பு அந்த உயரத்தில்தான் இருக்கும். ஸ்கிம்மரின் கழுத்தும் விளக்குப் பொருத்திய குழியும் வழமையான இடங்கள். ஆனால் எங்கே நிற்கிறது பார்ப்போம் என்று தடாகத்தை முழுவதும் வடிய விட்டுவிடாதீர்கள். மண்ணில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில், வெறுமையான தடாகத்தைக் கீழேயுள்ள நீரின் அமுக்கம் மேலே தூக்கி உடைத்துவிடக்கூடும்.

தங்கள் தடாகத்தில் உப்பு இருப்பது ஒரு வசதி. நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. கசியும்போது நீரோடு உப்பும் போகிறது. 75,000 லீற்றர் தடாகத்தில் லீற்றருக்கு 4,000 மில்லிகிராம் உப்பு இருக்கும்போது, நாளொன்றுக்கு 1,000 லீற்றர் வீதம் 15 நாட்கள் நன்னீர் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் ஆவியானதை ஈடுசெய்ததென்றால் உப்பின் அளவு அப்படியே இருக்கும். கசிந்ததை ஈடுசெய்ததென்றால் 3,300 அளவுக்கு இறங்கியிருக்கும். தங்கள் கருவியின் முகப்பில் உப்பு குறைவு என்ற எச்சரிக்கை அடிக்கடி வந்து, மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். மழையில் வழிந்தோடுவதும் வடிகட்டியைக் கழுவுவதும் கூட உப்பைக் கொண்டுபோகும் என்பதனால் அவற்றைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

திருத்த வேலை முடிந்ததும் நிரப்பும் குழாயில் ஒரு நீர்மானி பொருத்துங்கள். வீட்டு இணைப்புகளில் இருப்பது போன்ற சிறியது போதும். கிழமைக்கு ஒருமுறை அதன் எண்ணை ஒரு கொப்பியில் குறித்து வந்தால், அடுத்த கசிவு தேயிலைச் சரிவை நனைக்கும் முன்னர் தாளில் தெரிந்துவிடும். நீர்மானி இல்லாத தானியங்கி நிரப்பியை நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

நான் பங்களாவில் வேலை செய்கிறேன்; வீடு கீழே லயத்தில். பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே ஊற்று, ஒரே தாங்கி. ஐயா தடாகத்துக்குத் தானாக நீர் நிரம்பும் ஏற்பாடு செய்யப்போகிறார். தைமாசத்துக்குப் பின்னர் பீலியில் நீர் நூலாக வடியும் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு நீர் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதற்கு வழி உண்டா?
– வாசகர், தலவாக்கலை

உண்டு, செலவும் மிகக் குறைவு. மிதவை வால்வுக்குத் தடாகத்தின் மட்டம் மட்டுமே தெரியும். தாங்கியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே தடாகத்துக்கான குழாயைத் தாங்கியின் அடியிலிருந்து எடுக்காமல், தாங்கியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே ஒரு துளையிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வீடுகளுக்கான குழாய் வழமைபோல் அடியில் இருக்கட்டும். 5,000 லீற்றர் தாங்கியென்றால், மேலேயுள்ள ஏறத்தாழ 1,700 லீற்றர் மட்டுமே தடாகத்துக்குப் போக முடியும். மட்டம் அத்துளைக்குக் கீழே இறங்கியதும் தடாகத்துக்கு ஒரு சொட்டும் போகாது, வீடுகளுக்கு மட்டும் ஓடும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், யாரும் திறந்து மூடவும் வேண்டாம், யாரிடமும் கெஞ்சவும் வேண்டாம்.

மின்னால் இயங்கும் வால்வு போடுவதானால், இரவு பதினொரு மணிக்குப் பின்னர் மட்டும் நிரப்பும்படி நேர ஸ்விட்ச் ஒன்றையும் சேர்க்கலாம். ஆனால் அதை உயரத் துளைக்கு மேலதிகமாகச் செய்ய வேண்டும், பதிலாக அன்று. வறட்சியில் இரவெல்லாம் சேர்ந்த நீரே காலையில் லயத்துக்கு வேண்டியிருக்கும்.

தங்கள் முதலாளியிடம் இதனை நீரைப் பங்கிடும் பேச்சாக எடுத்துச் செல்லத் தயக்கமாக இருந்தால், தடாக வால்வின் பாதுகாப்பாகவும் எடுத்துச் சொல்லலாம்: தாங்கி வற்றும்போது அடியில் தங்கிய மண்ணும் சருகும் தடாகக் குழாய்க்குள் போய் வால்வை அடைக்காமல் உயரத் துளை காக்கும். அதுவும் உண்மையே. தடாகத்தை முதன்முறையாக நிரப்புவதற்கு மட்டும் இந்த ஏற்பாடு உதவாது. 75,000 லீற்றரை மழைக்காலத்தில் ஊற்று பெருகியிருக்கும்போது சிறுகச் சிறுக நிரப்புவதோ பவுசர் மூலம் கொண்டுவருவதோதான் முறை.

மழைக்காலத்தில் தானியங்கி நிரப்பியை நிறுத்திவைக்க வேண்டுமா?
– வாசகர், கினிகத்தேனை

தங்கள் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை நிறுத்திவைப்பதே நல்லது. குழாயின் முன்னால் உள்ள மூடும் வால்வைத் திருகிவிட்டால் போதும். அக்காலத்தில் தேவைப்படுவது வழிந்தோடும் குழாய். வழமையான மட்டத்துக்கு 2 அல்லது 3 சென்றிமீற்றர் மேலே அது இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் நாளில் 50 சதுர மீற்றர் தடாகத்தில் மட்டும் 5,000 லீற்றர் விழும். சுற்றியுள்ள தளத்தில் விழுவதும் உள்ளே வடிந்தால் அது மேலும் கூடும். அந்நீரைச் சரிவில் விடாமல் சீமெந்துக் கான் வழியாக ஓடைக்குக் கொண்டுபோகவும். மழைநீர் குளோரினையும் காரத்தன்மையையும் நீர்த்துப்போகச் செய்வதால், பெருமழைக்குப் பின்னர் நீரைச் சோதித்து, பிஎச் பெறுமானத்தை 7.2 முதல் 7.8 வரைக்குள் கொண்டுவர வேண்டும்.

மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும் மிதவையில் பாசியும் பூச்சிக்கூடும் பிடித்துக்கொள்ளும். எனவே நிறுத்திவைத்த காலத்திலும் மாதம் ஒருமுறை தொட்டியின் மூடியைத் திறந்து, மூடும் வால்வைத் திருகி நீரை விட்டு, மிதவையைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். நீர் பாய வேண்டும். கையை எடுத்து மிதவை எழும்பியதும் ஒரு சொட்டும் சிந்தாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.